செத்த புள்ளி

உட்கார இடம் கிடைத்திருக்கவே கூடாது. நின்றுகொண்டு வந்திருந்தால் யாராவது காலை மிதிப்பார்கள், எவன் பையாவது முதுகில் இடிக்கும், புத்தி அதில் போகும். கிண்டியில் ரயில் ஏறியதும் ஒரு அம்மாள், "உக்காருங்க தம்பி, நான் மவுண்ட்ல எறங்கிடுவேன்" என்று எழுந்துகொண்டாள். என் முகத்தில் அப்படி என்ன எழுதி ஒட்டியிருக்கிறதோ தெரியவில்லை. இப்போது ஜன்னலோரம், மேற்கு வெயில் நேரே கண்ணில், மடியில் பை. பைக்குள் அட்டை வைத்துச் சுற்றிய படம். சுற்றும்போதே ஸ்டூடியோக்காரர் சொன்னார், "வளையாம எடுத்துட்டுப் போங்க சார். பாப்பா செம அழகு. எத்தனை மாசம்?" ஏழு என்றேன். பொய் இல்லை. ஏழாம் மாதத்தில் பிறந்தவள்தான். அதற்கு மேல் அவளுக்கு மாதம் ஏறவில்லை என்பதை அவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரிக்க முடிகிறதே என்பதுதான் பயமாக இருந்தது. மவுண்டில் அந்த அம்மாள் இறங்கிப் போகிறாள். வெயில் எதிர் வரிசைக்காரர்களின் மேல் தாராளமாகக் கொட்டுகிறது, யாருக்கும் வேண்டாத வெயில், செய்தித்தாளை வைத்து மறைத்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு கை அள்ளி அன்றைக்கு அந்த அறைக்குள் போட்டிருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை. ஒரு கை வெயில் போதும். ஒரு டார்ச் போதும். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தால் போதும்.

சுகந்தி கேட்டது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் எதையும் கேட்கவில்லை, சோறு கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். அவள் அம்மா, என் அத்தை, பிசைந்து ஊட்டினால் வாய் திறப்பாள், மெல்லுவதற்கு மறந்துவிடுவாள். ஒருநாள் நான் சட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் கிளம்பும்போது சுவரைப் பார்த்தபடியே, "அவ மொகத்த எனக்குக் காட்டுங்க" என்றாள். "எல்லாரும் பாத்தீங்க. ஆயாம்மா பாத்தாங்க, வாட்ச்மேன் பாத்திருப்பான். பெத்தவ நான் பாக்கல." அவள் சொன்னது சரி. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது நானா பீரோவா என்று தெரியாது என்று அவளே சொல்லிச் சிரிப்பவள். ஆபரேஷனுக்கு முன்னால் வளையலோடு கண்ணாடியையும் கழற்றிக் கவரில் போட்டார்கள். அந்தக் கவர் எந்த மேஜைக்குப் போயிற்றோ, வீட்டுக்குக் கிளம்பும் அன்றுதான் திரும்பி வந்தது. நான் ரத்தம் வாங்க ஓடியிருந்த நேரத்தில் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துக் பிள்ளை இருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். கண்ணாடி இல்லாத கண், மயக்கம் தெளியாத கண். "செவப்பா என்னமோ அசஞ்சுதுங்க. அவ்ளோதான்." அவ்வளவுதான். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இருந்த பிள்ளையை அவள் பார்த்தது அவ்வளவுதான். நான் திரும்பி வந்தபோது சுகந்தியை வார்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பச்சைப் பிள்ளைக்கு நம் பக்கத்தில் படம் மாட்டுகிற வழக்கம் இல்லை, பதினாறாம் நாள் இல்லை, அழுவதற்குக்கூட ஆள் வரவில்லை. எதிர் வீட்டு அம்மாள் மட்டும் வந்து, "சின்ன வயசுதானே, அடுத்ததுல எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு காபி குடித்துவிட்டுப் போனாள். சுகந்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் ஒன்றுதான் உண்டு. இன்னும் இரண்டு எடுத்திருக்கலாமே, இருபது எடுத்திருக்கலாமே, இருபது இருந்திருந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி படத்தில் மணலாகத் தெரிகிற இரைச்சலைக் கழித்திருப்பேனே. அத்தைதான் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள், "பொறந்த புள்ளய படம் புடிக்கக் கூடாது மாப்ள, ஆயுசு கொறையும்." கேமரா சென்சார் கம்பெனியில் வேலை பார்க்கிற மருமகனிடம் அதைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேனே தவிர போனை வெளியே எடுக்கவில்லை, அதுதான் என் அறிவியல். விடியும் நேரத்தில், மூச்சு சரியில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, இனி குறைய என்ன ஆயுசு இருக்கிறது என்று உள்ளே நுழைந்து எடுத்தேன். பிள்ளை கண்ணுக்கு உறுத்தக் கூடாதென்று பெட்டியின் மேல் துணி போர்த்தியிருந்தார்கள். விளக்கு இல்லை. எங்கோ ஒரு மானிட்டரின் பச்சை. மூக்கில் குழாய், அதை ஒட்டிய பிளாஸ்திரி, மிச்சம் இருந்த முகம் ஒரு எலுமிச்சம்பழ அளவு. ஒரு தடவை அழுத்தினேன், அதற்குள் நர்ஸ் வந்து, "சார், போன உள்ள வைங்க" என்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அவளைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. திரையைப் பார்த்தேன். ஃபோகஸ் விழுகிறதா என்று பார்த்தேன். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கினவன் என்று யாரையாவது சொன்னால் என்னைச் சொல்லலாம். சித்திரமும் சரியாக வரவில்லை என்பது வேறு விஷயம்.

மீனம்பாக்கம். விமானம் ஒன்று தாழ்ந்து வருகிறது, எல்லாரும் என்னவோ முதல் முறை பார்ப்பதுபோலத் தலையைத் திருப்புகிறார்கள். படம் ஏன் சரியாக வரவில்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும், அதற்குத்தானே சம்பளம். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். மொட்டை மாடி முழுக்கப் பக்கெட் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பக்கெட்டும் சென்சாரில் ஒரு புள்ளி, வெளிச்சம் என்பது மழை. கொட்டுகிற மழை என்றால் எல்லாப் பக்கெட்டும் ஒரே அளவு நிறையும், படம் வழுவழுவென்று இருக்கும். தூறல் என்றால்? ஒன்றில் நாலு சொட்டு, பக்கத்தில் ஒன்றும் இல்லை, அடுத்ததில் ஏழு. அதுதான் படத்தில் மணல் மணலாகத் தெரிவது. அது சென்சாரின் குற்றம் இல்லை தம்பிகளா, வெளிச்சமே அப்படித்தான் துகள் துகளாக, நினைத்த இடத்தில் விழுகிறது. நல்ல சென்சார் இப்போதே விழுவதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறது, இனி மாரடித்து உழைத்தாலும் மிச்சம் இருக்கிற கொஞ்சத்தைத்தான் பிடிக்கலாம். ஒவ்வொரு துகளையும் தனியாக எண்ணுகிற சென்சார்கூட வந்துவிட்டது. எண்ணட்டும். வராத துகளை எதை வைத்து எண்ணுவது? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். போன வருஷம் பெரிய மீட்டிங்கில் எங்கள் தலைவர் மேடையில் ஏறி, "இனிமே ஃபியூச்சர் புடிக்கறதுல இல்ல, யூகிக்கறதுல இருக்கு" என்றார். பிடிக்காததை யூகித்து நிரப்பிக்கொள்ளலாம், பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது, தெரிந்தாலும் அழகாக இருப்பதைத்தான் கேட்பான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் நன்றாகவே தட்டினேன். சுகந்திக்கு அப்போது வாந்தி நின்று பசி எடுக்க ஆரம்பித்திருந்தது. தட்டிவிட்டுக் கீழே போய் அவளுக்குப் பப்ஸ் வாங்கினேன்.

இரைச்சலை நீக்கிப் பார்த்தேன், முகத்தோடு சேர்ந்து நீங்கியது. நீக்காமல் பிரகாசத்தைக் கூட்டினேன், மணல் புயலுக்குள் ஒரு குழாய் தெரிந்தது. ஆபீஸில் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு தனியாக உட்கார்ந்து அவள் கன்னத்தை ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். இடது கன்னத்தில் மூன்று நான்கு புள்ளிகள் கொத்தாக, சுற்றியிருப்பதைவிடக் கறுப்பாக இருந்தன. பார்த்ததும் தெரிந்தது, செத்த புள்ளிகள். என் வேலையே அதுதான். வெளிச்சம் பட்டும் பதில் சொல்லாத புள்ளியைக் கண்டுபிடித்து, அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டு, அவற்றின் சராசரியை அங்கே வைத்து மூடுவது. செத்த இடம் தெரியாது. எதிர் வீட்டு அம்மாளும் அதைத்தானே சொன்னாள். எங்கள் ஆபீஸில் இதற்கு இங்கிலீஷ் பேர் உண்டு, ஆனால் பேச்சில் எப்போதும் செத்த புள்ளிதான். "தாமு அண்ணே, இந்த லாட்ல செத்த புள்ளி எத்தனண்ணே?" என்று இளம்பரிதி அறை முழுக்கக் கேட்கக் கத்துவான். நான் லீவு முடிந்து போன அன்றும் அப்படிக் கத்தினான், கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான், ஏனென்றால் அவன் வாயில் அது செத்த புள்ள என்று விழுந்துவிட்டது. அன்றிலிருந்து என் எதிரில் எல்லாரும் 'வேல செய்யாத புள்ளி' என்கிறார்கள். செத்த புள்ளி, செத்த புள்ள. ஒரு எழுத்து. வேல செய்யாத புள்ள. மூச்சு விடுவது அவளுக்கு இருந்த ஒரே வேலை. இந்தச் சொல் பல்லிடுக்கில் நார் மாதிரி மாட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. சரி, மூடினேன். பழகின கை, ஒரு நொடி வேலை, கன்னம் சுத்தமாயிற்று. அப்படிச் சுத்தம் செய்த படத்தைக் கடைசியில் அந்த யூகிக்கிற இயந்திரத்திடம் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று வைத்திருந்தவன் கொடுத்தேன். அது கொஞ்சம் யோசித்தது, பிறகு குழாயை எடுத்துவிட்டு, பிளாஸ்திரியை எடுத்துவிட்டு, ஒரு குழந்தையைக் கொடுத்தது. கொழுகொழு கன்னம், இமை மயிர்கூடத் தனித்தனியாக. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். லட்சக்கணக்கான ஊரார் பிள்ளைகளைத் தின்று வளர்ந்த இயந்திரம் அது. என் பிள்ளை மட்டும் வளரவில்லை. அவள் இருந்த இடத்தில் அத்தனை பேரின் சராசரி படுத்துச் சிரிக்கிறது. அதைத்தான் அட்டை வைத்துச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போகிறேன்.

கொடுக்கலாமா? கொடுத்தால் என்ன? தெரிந்தவன் நான் ஒருவன். அவள் படத்தைத் தடவுவாள், அழுவாள், அழட்டும், இதுவரை அழாததுதான் பயம். கோயிலில் இருப்பது மட்டும் யாருடைய முகம்? யாரோ ஒரு சிற்பி யூகித்ததுதானே. ஆனால் சிற்பி அது என் மகள் என்று சொல்லவில்லை. பல்லாவரம் போய்விட்டது, குரோம்பேட்டையில் கூட்டம் ஏறுகிறது, ஒருத்தன் இடுப்பு என் தோளில் சாய்கிறது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன். யாராவது பார்த்தால் பிள்ளையை அணைத்திருப்பதாகத்தான் நினைப்பார்கள். கொடுத்தால் அவள் வாழ்நாள் முழுக்க யாரோ ஒரு பிள்ளையை நினைத்து அழுவாள், என் பிள்ளைக்கு அழ ஆள் இல்லாமல் போகும். கொடுக்காவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் அவளும். வேண்டாம். அந்த நினைப்பு வேண்டாம். தாம்பரம். தாம்பரத்தில் போன் அடிக்கிறது, அத்தை.

"எங்க வந்துட்டு இருக்கீங்க மாப்ள? படம் வாங்கியாச்சா?"

"வாங்கிட்டேன் அத்தை."

"இவ இன்னிக்கி தானா எழுந்து குளிச்சா மாப்ள. தல வாரிப் பின்னிக்கிட்டா. கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சு மாட்டிக்கிட்டு வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கா." அத்தை மூக்கை உறிஞ்சிக்கொள்கிறாள். "ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறா. பொட்டு தெரியுதான்னு."

"எந்தப் பொட்டு?"

"திருஷ்டிப் பொட்டு மாப்ள. அன்னிக்கி வீல்சேர்ல கூட்டிட்டுப் போனாங்கல்ல, எங்கிட்ட மை டப்பா இருந்துது. நர்ஸு திட்டுச்சு, அப்பறம் அதுவே பாவப்பட்டு, கையக் கழுவிட்டு ஒரே ஒரு புள்ளி வச்சுக்கோங்கன்னுச்சு. அந்தக் கண்ணாடிப் பெட்டி ஓட்டைக்குள்ள கைய விட்டு இவதான் வச்சா. கண்ணு தெரியாம தடவித் தடவி எடது கன்னத்துல. அது தெரியுதான்னு கேக்கறா."

தெரிகிறது அத்தை என்றேன். என் வாய்தான் சொன்னது. போனை வைத்துவிட்டேன்.

இல்லை, இருக்காது. அது செத்த புள்ளிதான். எத்தனை ஆயிரம் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? போன் கேமராவில் கொத்தாகச் சாவது அபூர்வம், ஆனால் உண்டு. சோதனை ரொம்பச் சுலபம், சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்போம்: வெள்ளையாக எதையாவது படம் எடு, அதே இடத்தில் கறுப்பு இருந்தால் செத்தது, இல்லாவிட்டால் உயிரோடு இருக்கிறது. நான் ஏன் அதைச் செய்யவில்லை? தெரிந்தவனுக்குச் சோதனை எதற்கு. நீச்சல்காரனுக்குத்தானே ஆற்றில் சாவு. அட்டையைப் பிரிக்கிறேன். படத்தின் பின்பக்கம் வெள்ளை. பெருங்களத்தூர் தாண்டிய சாய்வெயில் அதில் விழுகிறது. தோளில் சாய்ந்திருந்தவன் குனிந்து பார்க்கிறான், பார்க்கட்டும், வெற்றுக் காகிதத்தைப் படம் பிடிக்கிற பைத்தியம் என்று நினைக்கட்டும். எடுக்கிறேன். பெரிதாக்குகிறேன், இன்னும் பெரிதாக்குகிறேன், அதே இடத்துக்குப் போகிறேன். வெள்ளை. சுத்தமான, நிறைந்த வெள்ளை. மறுபடியும் எடுக்கிறேன். வெள்ளை. நாலு புள்ளியும் உயிரோடு இருந்தன. நாலும் தங்கள் வேலையைச் செய்தன. அந்த இருட்டில், அந்தத் தூறலில், முகத்தையே பிடிக்க முடியாத சென்சார் அந்த மையை மட்டும் பிடித்து வைத்திருந்தது. மூக்கு யூகம், உதடு யூகம், அந்தப் படத்தில் உண்மை என்று ஒன்று இருந்தது என்றால் அது ஒன்றுதான். சுகந்தி தன் பிள்ளையைத் தொட்ட ஒரே இடம். அதைத் தேடிப் பிடித்து அழித்தவன் நான். ஐயோ. ஐயோ என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எதிரே இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள்.

சட்டைப்பையில் பேனா இருக்கிறது. வண்டலூரில் ரயில் நிற்கும்போது எடுத்துவிட்டேன். இடது கன்னத்தில் ஒரு புள்ளி, முடிந்தது. அவள் தேடுவது கிடைத்துவிடும், முகமும் கிடைக்கும், பொட்டும் கிடைக்கும், அத்தைக்குச் சொன்ன பொய்யும் நேராகிவிடும். பேனா முனை அந்தக் கொழுத்த கன்னத்துக்கு மேலே நிற்கிறது. குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. நீ யாரம்மா? உன்னைப் பெற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்? உனக்கு எதற்குத் திருஷ்டி கழிக்க வேண்டும், நீ ஒருநாளும் சாகப்போவதில்லை. ரயில் குலுங்கிக் கிளம்புகிறது, பேனாவை மூடி, படத்தைத் திரும்ப அட்டைக்குள் சுற்றிவிட்டேன். ஊரப்பாக்கம். கூடுவாஞ்சேரி. படிக்கட்டு, ஆட்டோக்காரர்கள், பஜ்ஜிக் கடை. எனக்குத் தெரிந்த கணக்கு எல்லாம் போட்டாகிவிட்டது, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தைதான் பையை வாங்கினாள், நான் வாய் திறக்குமுன் அட்டையைப் பிரித்தும்விட்டாள். "அம்மாடி, எவ்ளோ தெளிவா இருக்கு! பாருடி, அப்டியே ஒன் மூக்கு. நெத்தி மாப்ளயோடது." இல்லாத மூக்குக்கு அதற்குள் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார். சுகந்தி இரண்டு கையாலும் வாங்கினாள். தலையில் எண்ணெய் மினுங்கியது, நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, நேரே இடது கன்னத்துக்குப் போனாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் நீட்டினாள், வீடு மாறி வந்த பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பதுபோல.

"நல்லாத்தான் இருக்கு. இது யாருங்க?"

போனை எடுத்து, கழுவாத, துடைக்காத, எடுத்தபடியே இருக்கிற அந்தப் படத்தைத் திறந்து கொடுத்தேன். மணல். பச்சையும் கறுப்புமாக மணல். நடுவில் சிவப்பாக ஒரு மூட்டம். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலியே மாப்ள" என்றாள். சுகந்தி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். வெறுங்கண்ணோடு திரையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மூச்சுப் பட்டுத் திரை மங்கியது, முந்தானையால் துடைத்தாள். மறுபடி பார்த்தாள்.

"இவதான்" என்றாள். "அன்னிக்கி இப்படித்தாங்க இருந்தா."

அவள் விரல் மூட்டத்தின் மேல் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றது. அங்கிருந்து எடுக்கவே இல்லை. தோள் குலுங்க ஆரம்பித்தது, அத்தை பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் வராத அழுகை வந்துவிட்டது, இனி அது எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அழுகைக்கு நடுவில் அவள் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ரொம்பச் சின்னதா வச்சுட்டேங்க."